காம்பு வைத்த சிரட்டையும் காம்பு வைக்காத சிரட்டையும்

மரக்கரண்டிக்கு இப்போது மவுசு வந்திருக்கிறது. சென்னையிலும் கோயம்புத்தூரிலும் இயற்கை அங்காடி என்று பலகை மாட்டிய கடைகளில் பூவரசிலும் வேம்பிலும் செதுக்கிய கரண்டி, சிரட்டை அகப்பை, மத்து, களி கிண்டும் துடுப்பு எல்லாம் வரிசையாகத் தொங்குகின்றன. கூடவே ஒரு அட்டை. நம் முன்னோர் வாழ்வு, எந்திரம் தொடாதது, எளிமையே அழகு என்கிற மாதிரி வாசகங்கள். வாங்குகிறவர்கள் நல்லவர்கள்தான். பிளாஸ்டிக் வேண்டாம் என்கிறார்கள், சரி. இரும்புக் கரண்டி போட்டால் சட்டியின் பூச்சு உரியும், மரம் என்றால் உரியாது என்கிறார்கள், அதுவும் சரி. நமக்கு இருக்கிற கேள்வி வேறு. அந்த 'நம் முன்னோர்' என்பதற்குள் யார் யார் இருக்கிறார்கள்? எங்க அய்யா இருக்காரா?

தூத்துக்குடிக்குத் தெற்கே முத்தையாபுரம், முள்ளக்காடு, வடக்கே தருவைகுளம், வேப்பலோடை என்று கடலோரமெல்லாம் உப்பளம். இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்தபடியாக உப்பு விளைகிற மாநிலம் தமிழ்நாடு என்றால் அதில் பெரும்பங்கு இந்த மண்ணில் விளைகிறது. பாத்தி மிதிப்பது, படிந்த உப்பை உடைப்பது, வாருவது, தட்டுமேட்டுக்குச் சுமப்பது என்று இந்த வேலைகளில் தலித்துகள் ஏராளம். நாடார்களில் ஏழைகளும் உண்டு. பெண்கள் எல்லாச் சாதியிலும் உண்டு. எங்கள் வீட்டில் அய்யாவும் அம்மையும் அளத்துக்குப் போனவர்கள்தான்.

அளத்தில் இன்னமும் மரம் நிலைத்திருப்பதற்குப் பாரம்பரியப் பற்று காரணம் அல்ல. உப்புத்தண்ணியில் இரும்பு தாங்காது. துரு பிடிக்கும். துரு உப்பில் இறங்கினால் வெள்ளை உப்பு பழுத்துப்போகும், விலை போகாது. இரும்பு முனை பாத்தியின் களித்தரையையும் கீறி உப்போடு சேற்றையும் அள்ளிக்கொண்டு வரும். அதனால்தான் நீளக் கம்பு, முனையில் குறுக்கே ஒரு பலகை. உப்பு வாருகிற பலகை. பார்க்க ஒன்றுமே இல்லாத சாமான். சின்னப் பிள்ளை வரைந்தாலும் இரண்டு கோட்டில் வரைந்துவிடும்.

செய்து பார்த்தால்தான் தெரியும். அய்யா கம்பு வெட்டப் போவது தேய்பிறையில். வளர்பிறையில் வெட்டினால் வண்டு துளைக்கும் என்பார். அதில் எவ்வளவு உண்மை என்று நான் வாதாடப் போவதில்லை. வெட்டின கம்பைப் பட்டை உரித்து ஓடைச் சகதியில் புதைத்து வைப்பார். மரத்தின் சாறு தண்ணியில் இறங்கிப்போனால் பூச்சிக்கு அதில் தின்ன ஒன்றும் இருக்காது. பிறகு எடுத்து நிழலில் காயப்போடுவார். வெயிலில் போட்டால் வெடிக்கும். அரிவாளால் செதுக்கி, உடைந்த கண்ணாடிச் சில்லால் சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்குவார். உப்பில் ஊறின கையில் ஒரு சிராய் ஏறினால் லேசில் விடாது. அந்தப் புண்ணில் தினமும் உப்புத்தண்ணி படும், ஆறவே ஆறாது. பலகையில் சதுரமாகத் துளை போட்டு, கம்பின் முனையைச் சீவிச் செருகி, ஆப்பு வைப்பார். ஆணி கிடையாது. நனைந்தால் ஆப்பு ஊதும், ஊதினால் இறுகும். தண்ணியிலேயே கிடக்கிற பலகைக்குத் தண்ணிதான் ஆணி. மழைக்காலத்தில் அளம் மூடி, பலகை வீட்டு இறவாரத்தில் காய்ந்து கிடக்கும்போது ஆப்பு கழன்று விழும். தை மாசம் புது ஆப்பு.

அதே கைதான் மம்பட்டிக்குக் கணை போட்டது, களைக்கொத்திக்குப் பிடி போட்டது, பனையின் வைரத்தில் உலக்கை இழைத்தது, சிரட்டையில் அகப்பை செய்தது. இத்தனையும் செய்தவரை ஊரில் யாராவது 'கைவினைஞர்' என்று சொன்னார்களா? அவர் உப்பளத்துக் கூலி. தச்சு என்பது இங்கே வேலையின் பெயரல்ல, சாதியின் பெயர். ஆசாரி என்றால் அவருக்கு மிராசுதார் வீட்டு ஏர், வண்டி, கதவு, நிலை. களத்தில் நெல். எங்கள் தெருவுக்கு ஆசாரி வந்து உளி எடுத்து நான் பார்த்ததில்லை. வராததால்தான் எங்கள் ஆட்கள் உளி இல்லாமலே, அரிவாளையும் கண்ணாடிச் சில்லையும் வைத்துக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத, யாரும் பெயர் வைக்காத தச்சு அது.

பெயர் வைப்பதில்தான் அரசியலே இருக்கிறது. 2023 செப்டம்பர் 17 அன்று ஒன்றிய அரசு விஸ்வகர்மா திட்டத்தைத் தொடங்கியது. 18 தொழில்கள். தச்சர், படகு செய்பவர், கொல்லர், சுத்தியல் மற்றும் கருவிகள் செய்பவர், குயவர், செருப்புத் தைப்பவர், முடி திருத்துபவர், சலவைத் தொழிலாளி என்று பட்டியல். பட்டியலைப் படித்தால் தொழிற்பட்டியல் மாதிரியா இருக்கிறது? ஊர்க் கணக்குப்பிள்ளை எழுதி வைத்த சாதிப் பட்டியல் மாதிரி இருக்கிறது. குடும்பவழியாக அந்தத் தொழிலைச் செய்துவந்தவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை, 18 வயது ஆனாலே விண்ணப்பிக்கலாம் என்ற கதவு. கல்லூரிக்குப் போகவேண்டிய வயசில் அப்பன் தொழிலுக்கு வா என்று அழைக்கிற கதவு. 2024 நவம்பரில் தமிழ்நாட்டு முதலமைச்சர் இதை இப்படியே நடைமுறைப்படுத்த மாட்டோம், குடும்பத் தொழில் நிபந்தனையை எடுங்கள், வயதை 35 ஆக்குங்கள் என்று எழுதினார். 2025 ஏப்ரலில் மாநில அரசு கலைஞர் கைவினைத் திட்டம் என்று தனியாக ஒன்றைத் தொடங்கியது. அதில் பரம்பரை கேட்கவில்லை, வயது 35. அந்த அளவில் அது சரியே. ஆனால் தன் கருவியைத் தானே செய்துகொண்டு அந்தக் கருவியாலேயே கூலிக்குப் போகிற மனிதருக்கு அந்த 18-லும் இடம் கிடையாது. விற்பதற்குச் செய்தால் கைவினை, வேலை செய்வதற்குச் செய்தால் ஒன்றுமில்லை.

இனி சிரட்டைக்கு வருவோம். தேங்காயை உடைத்தால் இரண்டு மூடி. ஒன்றில் மூன்று கண், இன்னொன்றில் இல்லை. அகப்பைக்குக் கண் இல்லாத மூடிதான் ஆகும். கண் உள்ள மூடியில் ஒரு கண் மெலிந்திருக்கும், அது வழியாக ஒழுகும். கண் இல்லாத மூடியை உள்ளும் புறமும் சுரண்டி, விளிம்புக்குக் கீழே இரண்டு ஓட்டை போட்டு, மூங்கில் சிம்பைக் குறுக்கே செருகினால் அகப்பை. அது அடுப்படிக்குப் போகும். சாமிக்குப் படைக்கிற பொங்கலைக் கிண்டும். சுத்தபத்தமான வீட்டில் மடியாகச் சமைக்கிற குழம்பில் இறங்கும்.

அதே கண் இல்லாத மூடிக்குக் காம்பு வைக்காமல் டீக்கடைத் தட்டியில் செருகி வைத்தால் அது பறப்பயலுக்கும் பள்ளப்பயலுக்கும் சக்கிலியப்பயலுக்கும் டீ ஊற்றுகிற சிரட்டை. அதுவும் ஒழுகக்கூடாது பாருங்கள், அதனால் அங்கேயும் கண் இல்லாத மூடிதான். குடித்துவிட்டு நாமே கழுவி, நாமே தட்டியில் செருகிவிட்டு வரவேண்டும். தென்மாவட்டத்தில் ஒரு தலைமுறைக்கு முந்தினவர்களிடம் கேளுங்கள். கண் கலங்காமல் சொல்வார்கள். அதுதான் நம்மைக் கலங்க வைக்கும்.

பொருள் ஒன்று. மரம் ஒன்று. செய்கிற கையும் பெரும்பாலும் ஒன்று. அடுப்படியில் தொங்குகிற அகப்பையைச் செய்து கொடுத்ததும் எங்கள் ஆச்சி மாதிரி ஒரு ஆச்சிதான். அவள் சுரண்டி வழித்த சிரட்டை வீட்டுக்குள் போகலாம், அவள் போகக்கூடாது. அப்படியானால் தீட்டு எங்கே இருக்கிறது? கையிலா? கை பட்டுத்தானே அகப்பை ஆயிற்று. சிரட்டையிலா? சிரட்டை சாமி வீட்டிலேயே இருக்கிறதே. தீட்டு இருப்பது காம்பில். சிரட்டைக்கும் உதட்டுக்கும் நடுவில் ஒரு காம்பு நீளம் இடைவெளி வைத்துப் பிடித்தால் பாத்திரம். இடைவெளி இல்லாமல் நேரே வாயில் வைத்துக் குடிக்கச் செய்தால் இழிவு. பொருளின் அறம் பொருளில் இல்லை, அதை யார் யாரை எப்படிப் பிடிக்கச் சொல்கிறார்கள் என்பதில் இருக்கிறது. கைவினையின் அழகு பற்றிப் பேசுகிறவர்கள் இந்த ஒரு சிரட்டைக்குப் பதில் சொல்லிவிட்டுப் பேசட்டும்.

1955-இல் தீண்டாமைக் குற்றச் சட்டம் வந்தது. சிரட்டை உடனே போய்விடவில்லை. பிறகு தனிக்கிளாஸ் வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக பிளாஸ்டிக் கப், பேப்பர் கப். எல்லாருக்கும் பேப்பர் கப் என்று ஆன கடையில் ஒரு காரியம் நடந்தது. கலெக்டரும் போலீசும் சட்டமும் சாதிக்காததை ஒரு எந்திரம் செய்த காகிதம் சாதித்தது. யாரும் கழுவ வேண்டாம், யாருடைய எச்சிலும் யாருக்கும் இல்லை. சுற்றுச்சூழலுக்குக் கேடு என்பார்கள், கேடுதான். நானும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் எந்திரம் தொடாதது என்று பெருமையாக அட்டை எழுதுகிறார்களே, எந்திரம் தொட்டதில் சாதி ஒட்டவில்லை என்கிற நிம்மதியை அனுபவித்தவர்கள் நாம். (அந்த நிம்மதியும் முழுசாக இல்லை. அவர்களுக்குக் கண்ணாடிக் கிளாஸ், நமக்கு மட்டும் பேப்பர் கப் என்று வைத்த கடைகளும் உண்டு. நம் ஆளுகளின் மூளையை விடச் சாதியின் மூளை எப்போதும் ஒரு முழம் நீளம்.)

எளிமை என்பதை அறமாக்கியது யார்? 1921 செப்டம்பர் 22 அன்று மதுரையில் காந்தி மேலாடையைக் களைந்து அரைமுழத் துணிக்கு மாறினார். அது அவர் தேர்ந்தெடுத்தது. தேர்ந்தெடுத்ததால் தியாகம். அன்றைக்கு மதுரையைச் சுற்றியிருந்த சேரிகளில் யாரும் மேலாடையைக் களையவில்லை, களைவதற்கு இருந்தால்தானே. அம்பேத்கர் கோட்டு சூட்டு போட்டதைக் கிண்டல் பண்ணியவர்கள் உண்டு. இந்த நாட்டில் தலித் ஒருவன் இஸ்திரி போட்ட கோட்டு மாட்டுவதுதான் துறவு மாதிரியான காரியம் என்று அவர்களுக்குப் புரியவில்லை. 1936-இல் அம்பேத்கர் சாதி ஒழிப்பில் சொன்னது இன்றைக்கும் நிற்கிறது: சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமல்ல, வேலை செய்பவர்களைப் பிரிப்பது. அதற்கு அதே ஆண்டு பதில் எழுதிய காந்தி, பரம்பரைத் தொழிலைச் செய்து பிழைப்பதே வர்ணத்தின் விதி, தோட்டியின் வேலையும் பிராமணனின் வேலையும் ஒன்றுதான் என்றார். ஒன்று என்றால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதானே? 1953-இல் ராஜாஜி பள்ளிக்கூடத்தில் பாதிநேரம், மீதிநேரம் அப்பன் தொழில் என்று ஒரு கல்வித் திட்டம் கொண்டுவந்தார். மாநிலம் முழுக்க எழுந்த எதிர்ப்பில் 1954-இல் அவர் போனார், காமராசர் வந்து அதைத் தூக்கிப்போட்டார். அது போயிருக்காவிட்டால் நான் இதை எழுதியிருக்க முடியாது, நல்ல பலகை செய்துகொண்டிருப்பேன்.

எளிமை நமக்கு அறமா, தண்டனையா என்பதற்கு எங்கள் மாவட்டத்திலேயே சாட்சி இருக்கிறது. கொடியன்குளம். 1995 ஆகஸ்டு 31. அரபு நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தவர்களின் பணம் வந்து கொஞ்சம் நிமிர்ந்து நின்ற தலித் கிராமம். சுமார் 600 போலீசார் புகுந்தார்கள். அவர்கள் உடைத்தது எதை? டி.வி. பெட்டி, மின்விசிறி, டேப் ரெக்கார்டர், தையல் மிஷின், சைக்கிள், டிராக்டர். தானியத்தைக் கொட்டினார்கள். துணியையும் படித்த பையன்களின் பாஸ்போர்ட்டையும் போட்டுக் கொளுத்தினார்கள். குடிக்கிற கிணற்றில் விஷத்தைக் கலந்தார்கள். அந்தப் பட்டியலை மறுபடி ஒருமுறை படியுங்கள் தோழர்களே. கடையில் வாங்கினது, கரண்டில் ஓடுகிறது, தூரத்துக்குக் கொண்டுபோகிறது. அத்தனையும் எங்கள் சனம் தங்களுக்கென்று தேடின வசதி. ஒரு சேரி வீட்டில் மரக்கரண்டி தொங்குவதைப் பார்த்து யாருக்கும் கோபம் வந்ததில்லை. மின்விசிறியைப் பார்த்துத்தான் வந்தது. அதே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு மரக்கரண்டியைப் போற்றுகிறவருக்கு இந்தச் சங்கதி எட்ட வேண்டும்.

அப்படியானால் மரக்கரண்டியைத் தூக்கி எறிந்துவிடலாமா? நம்மில் ஒரு சாரார் அப்படித்தான் சொல்கிறார்கள். பறையைப் பற்றி நாம் பேசின பேச்சு நினைவிருக்கும். சாவுக்கு அடிக்க மாட்டோம், உடைத்துப் போடு என்றது ஒரு குரல். அது எங்கள் இசை, மேடையில் ஏற்று என்றது இன்னொரு குரல். இரண்டும் நியாயமான குரல்கள். இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள் இருந்தார்கள். ஆனால் கருவி விஷயத்தில் பறைக்கு இருக்கிற முழக்கம் கூட இல்லை. உப்பு வாருகிற பலகையை எந்த மேடையில் ஏற்றுவது?

இந்தக் கடற்கரையின் வரலாற்றைப் பாருங்கள். கொற்கையிலிருந்து தொடங்கி முத்தைப் பற்றி எவ்வளவு எழுதியிருக்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் கடைசி முத்துக்குளிப்பு 1961-இல் நடந்தது. முத்தைச் சலிக்க அளவு அளவாக ஓட்டை போட்ட பித்தளைச் சல்லடைகள், எது எந்தத் தரம், எல்லாம் வெள்ளைக்காரன் குறிப்பிலேயே இருக்கிறது. மாலத்தீவுக்குச் சரக்கேற்றிப் போகிற மரத்தோணிக்கு ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு, உரிமையாளர் பெயர் உண்டு. பெரிய மரத்துக்குப் பெயர் இருக்கிறது. சின்ன மரத்துக்கு இல்லை. மண்ணைத் தோண்டினால் இரும்பு கிடைக்கும், காம்பு கிடைக்காது. காம்பை மண் தின்றுவிடும். காம்பு செய்த கையை வரலாறு தின்றது.

இந்தப் பெயரில்லாமையையே அழகு என்று சொன்னவர்களும் இருக்கிறார்கள். ஜப்பானில் 1920களில் யானகி சோயெட்சு என்பவர் நாட்டார் கைவினையைத் தூக்கிப் பிடித்தார். பெயர் தெரியாத கைகள் தினப் புழக்கத்துக்காகச் செய்த கிண்ணத்தில்தான் உண்மையான அழகு இருக்கிறது என்பது அவர் கட்சி. கலைஞன் என்கிற அகங்காரம் இல்லாத அழகு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, பெரிய மனசுக்காரர்தான். ஆனால் அதே ஜப்பானில், அதே காலத்தில், 1922-இல், தோல்வேலை செய்ததற்காகவே தலைமுறை தலைமுறையாகத் தீண்டப்படாதவர்களாக வைக்கப்பட்ட புராக்கு மக்கள் சுயிஹெய்ஷா என்று அமைப்பு கட்டி, எங்களையும் மனிதர் என்று கூப்பிடு என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். பெயர் இருக்கிறவனுக்குப் பெயரைத் துறப்பது ஆன்மிகம். பெயரே வைக்கப்படாதவனிடம் போய் உன் பெயரின்மை எவ்வளவு அழகு என்று சொல்வது என்ன?

என் கட்சி இதுதான். அய்யாவின் கையில் இருந்தது அறிவு. ஆப்பு ஊதும் என்பதும், சாறு இறங்கணும் என்பதும், எந்த மூடி ஒழுகும் என்பதும் அறிவுதான். எந்தப் பொறியியல் கல்லூரியிலும் அதற்கு மதிப்பெண் போடலாம். அதை இழிவின் அடையாளம் என்று நாமே தூக்கி எறிந்தால், உனக்கு மூளை கிடையாது, கை மட்டும்தான் என்று அவன் சொன்னதை நாம் வழிமொழிகிறோம். அதே சமயம் அந்த அறிவைக் காப்பாற்றுவது என் பிள்ளையின் கடமை என்று எவனாவது சொன்னால், அவன் 1953-ஐத் திரும்பக் கொண்டுவருகிறான். கருவியைக் கீழே வைத்துவிட்டுப் போக உரிமை இருக்கிறவனுக்குத்தான் அந்தக் கருவி சொந்தம். மற்றவனைப் பொறுத்தவரை அது விலங்கு, எவ்வளவு வழவழப்பாக இழைத்திருந்தாலும். போனவன் என்றைக்காவது திரும்பி வந்து விரும்பி எடுத்தால் எடுக்கட்டும். அவன் மட்டுமல்ல, அய்யர் வீட்டுப் பையனும் ஓடைச் சகதியில் கம்பு புதைத்துக் கற்றுக்கொள்ளட்டும். அதுவரைக்கும் பாரம்பரியம் என்ற பேச்சில் எனக்கு நம்பிக்கை இல்லை.

கை தன் கருவியை எப்படி யோசிக்கும் என்பதற்கு அம்மையைச் சொல்லணும். அளத்தில் பலகைக் காம்பு ஆம்பிளை உசரத்துக்குத்தான் போடுவார்கள். அய்யா போட்டதும் அப்படித்தான். நீளக் காம்பைப் பிடித்து இழுத்தால் அம்மைக்குத் தோள்பட்டையில் குத்தும். ஒருநாள் அவளே அரிவாளை எடுத்து ஒரு அடிக்குக் கொஞ்சம் குறையாக வெட்டிவிட்டாள். அய்யாவுக்குக் கோபம்.

"நல்ல பூவரசங் கம்பை இப்படி நறுக்கிட்டியே, கூறு இருக்கா?"

"கம்பு நல்ல கம்புதான். தோளு என் தோளுல்லா?"

அளத்துக் கணக்கப்பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை. குட்டைக் காம்பில் எட்டி இழுக்க முடியாது, வேலை குறையும் என்றார். வேலை குறையவில்லை. காம்பு குறைந்தால் குனிய வேண்டியிருக்கும், அது முதுகைப் பிடிக்கும் என்று அம்மைக்கும் தெரியும். அதற்காகப் பலகையைக் கொஞ்சம் சாய்த்துச் செருகச் சொன்னாள். அய்யா முணுமுணுத்துக்கொண்டே சாய்த்துச் செருகினார். அந்த மாசத்திலேயே இன்னும் நாலைந்து பொம்பளைகள் தங்கள் காம்பை நறுக்கிக்கொண்டார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒவ்வொரு அளவு. அம்மையிடம் இதைப் பெரிய கண்டுபிடிப்பு என்று நான் சொன்னபோது, "போல, வலிச்சுது வெட்டுனேன்" என்றாள்.

உப்பளத் தொழிலாளர்களுக்கு மழைக்கால நிவாரணம் 5,000 ரூபாய் என்று 2021-இல் மாநில அரசு அறிவித்தது. சங்கங்கள் பல ஆண்டு கேட்டு வாங்கினது அது. கோரிக்கை மனுக்களில் குடிதண்ணி, நிழல், கழிப்பறை, கண்ணுக்குக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ் எல்லாம் எழுதுகிறார்கள். எல்லாம் வேண்டியதுதான். எங்கள் வீட்டில் பலகை எங்கள் செலவு, கம்பு எங்கள் செலவு, அதை இழைத்த இரண்டு ராத்திரி யார் கணக்கிலும் கிடையாது. இந்தத் தடவை மனு எழுதுகிற தோழரிடம் இரண்டு வரி சேர்க்கச் சொல்லியிருக்கிறேன். கருவியைத் தொழிலாளியே செய்துகொண்டு வந்தால் அதற்கு ஒரு நாள் கூலி தரவேண்டும். காம்பின் நீளத்தைக் கணக்கப்பிள்ளை தீர்மானிக்கக்கூடாது. முதல் வரி சரி என்றார். இரண்டாவது வரியைப் படித்துவிட்டு, இதையெல்லாமா மனுவில் எழுதுவார்கள் என்று கேட்டார். எழுதுங்கள் என்றேன்.